கடல்வாழ் ஜந்துக்களால் விளையும் நன்மையும் தீமையும்

கடலோரத் தாலுகாக்களில் நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடியானவர்களுக்குக் கடலும் ஒரு விளைநிலமே ஆகும். உழவும் விதைப்பும் இன்றியே அது மீனையும், நண்டையும், மட்டியையும், பாசியையும் வருஷந்தோறும் விளைவித்துத் தருகிறது. தென்னந்தோப்புக்கு எருவும், சுவருக்குக் கிளிஞ்சற் சுண்ணாம்பும், கோழிக்குத் தீனியும், பண்ணையாட்களின் சோற்றுக்குக் குழம்பும் அவ்விளைநிலத்தினின்றே வருகின்றன. எனினும், வயலில் நெல்லோடு களையும் முளைப்பதுபோல, கடலிலும் நன்மை செய்யும் உயிர்களோடு தீமை செய்வனவும் கலந்தே வாழ்கின்றன. வயற்களையைக் கண்ணாற் கண்டு பிடுங்கி எறிந்துவிடலாம். கடலினால் வரும் தீமையோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதது. சில சமயங்களில் நாவுக்கும் புலப்படாதது.

நன்றாய்க் கொதிக்க வைத்துச் சமைத்தால் எவ்விதத் தீங்கும் தீர்ந்துவிடும் என்னும் நம்பிக்கை கிராமங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை. மற்றப் பாதி உயிரைப் போக்கவல்லது. கடல் ஜந்துக்களால் உண்டாகும் தீமைகளில் எவை தீயினால் அழியும், எவை அழியா என்பதைப் பகுத்து அறிந்துகொண்டால், அவற்றின் நன்மைகளை அச்சமின்றி அனுபவிக்கலாம்.

ஆகாரமாகும் நன்மை

மீன் உணவின் முதற் சிறப்பு அதிலுள்ள புரதச் சத்தாகும். 100 கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. அரிசியையே பெரும்பகுதியாக உண்போருக்கு அச்சோற்றில் குறைவாயுள்ள சத்துக்களை இது ஈடு செய்கிறது. நெத்திலி, காரல் முதலிய சிறு மீன்களை முள்ளோடு உண்பதனால் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. கடல் மீனில் அயோடின் என்னும் சத்தும் இருக்கிறது. இச்சத்துக் குறைந்தால் கழுத்துக் கழலை உண்டாகும். கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் குறையுமாயின் பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சியும் குன்றும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களின் எண்ணெய் இருதயத்திற்கு நன்மை பயப்பது. ஆகையால் விலையுயர்ந்த வஞ்சிரத்தை வாங்க இயலாதவர்கள், மலிவாய்க் கிடைக்கும் மத்தியைச் சத்துக் குறைந்ததென்று எண்ணி வருந்த வேண்டியதில்லை.

மீன் ஈரல் எண்ணெயின் வரலாறு இங்கே குறிப்பிடத்தக்கது. மாலைக்கண் நோய்க்கும் குழந்தைகளின் எலும்புக் கோணலுக்கும் வைத்தியர்கள் முற்காலத்தில் நார்வே முதலிய குளிர்தேசங்களிலிருந்து வந்த காட் மீன் ஈரல் எண்ணெயையே கொடுத்து வந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த எண்ணெய் வருவது தடைப்பட்டது. அப்பொழுது சென்னை மாகாண மீன் இலாகாவினர் கோழிக்கோட்டில் சுறா மீனின் ஈரலிலிருந்து எண்ணெய் வடித்தெடுத்து அக்குறையை நீக்கினர். அதுவரையில் வீணே கழிக்கப்பட்ட ஈரல் குழந்தைகளின் கண்ணைக் காக்கும் மருந்தாயிற்று. 1940-களின் இறுதியில் ஏ வைட்டமினை இரசாயன முறையிற் செய்யும் வழி தொழிற்சாலைகளில் கையாளப்பட்ட பின்னர், சுறா ஈரலின் தேவை குறைந்துவிட்டது. இந்த நன்மையிலும் ஓர் அளவு உண்டு. ஏ வைட்டமின் மிதமிஞ்சினால் ஈரலுக்குத் தீங்கு செய்யும். கர்ப்பிணிகளின் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஊறு விளைக்கும். ஆகையால் இத்தகைய எண்ணெய்களை வைத்தியரின் சொற்படி அளவோடு உட்கொள்வதே முறை.

மருந்தும் எருவும்

கடற்பாசிகளுள் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் மன்னார் வளைகுடாவில் விளைகின்றன. இவற்றைக் காய்ச்சி வடித்தால் அகர் என்னும் கூழ்ப் பொருள் கிடைக்கும். 1882-ம் வருஷம் முதல் நோய்க் கிருமிகளை வளர்த்து ஆராய்வதற்கு உலகெங்கும் இந்த அகரே பயன்பட்டு வருகிறது. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் விஞ்ஞானியின் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய ஒருவரின் மனைவியாகிய பானி ஹெஸ்ஸெ என்ற அம்மையார், தமது சமையலறையில் கண்ட அநுபவத்தைக் கொண்டே இதனை யோசனை கூறினார். கோடை வெப்பத்திலும் இளகாத அக்கூழின் மேல் கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்க முடிந்தது. காலராவையும் டைபாய்டையும் இன்ன கிருமி உண்டாக்குகிறதென்று ஒரு கிராமத்து நோயாளியின் மலத்தைச் சோதித்துச் சொல்லும் வைத்தியர் கடற்பாசியின் துணையைக் கொண்டே அதனைச் சொல்லுகிறார். கட்டைக்கோரை என்று வழங்கும் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் என்னும் பொருள், நீர் கசியும் புண்களுக்குக் கட்டும் துணியாகப் பயன்படுகிறது.

விஷமுள்ள ஜந்துவே மருந்துக்கு மூலமானதும் உண்டு. கூம்பு வடிவான ஒருவகைச் சங்கினுள் வாழும் நத்தை, மெல்லிய அம்பு போன்ற பல்லினால் மீனைக் குத்தி மயக்கிக் கொல்லும். அவ்வினத்துள் சில மனிதரையும் கொல்லவல்லவை. அவற்றுள் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்து, அதன் ஒரு கூறினைப் போலச் செய்த மருந்து, பிற மருந்துகளுக்கு அடங்காத கடும் வலிக்குக் கொடுக்கத் தகுந்ததென்று 2004-ம் வருஷத்தில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கரீபியக் கடற்பகுதியில் வாழும் ஒரு கடற்பஞ்சில் வெர்னர் பெர்க்மன் என்னும் விஞ்ஞானி கண்டறிந்த பொருள்களை மாதிரியாகக் கொண்டு செய்யப்பெற்ற சைட்டராபின் என்னும் மருந்து, 1969 முதல் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு வருகிறது.

குடியானவர்கள் கடலினின்று நேரே பெறும் பயன் எருவாகும். காய்ந்த மீன் எருவில் நூற்றுக்கு 4 முதல் 10 பங்கு தழைச்சத்தும், 3 முதல் 9 பங்கு மணிச்சத்தும் இருக்கின்றன. கரையில் ஒதுங்கும் பாசியை மழை நீரில் அலசி உப்புக் கழித்துத் தென்னைக்கு இடுவது கடலோரத்தில் நெடுநாளைய வழக்கம்.

தீயினால் நீங்கும் தீமைகள்

தீமைகளை இருவகையாகப் பிரித்து நோக்குதல் நலம். முதல் வகை வெப்பத்தினால் நீங்குவது. இதனுள் கிருமிகளால் வருவதும் முள்ளினால் வருவதும் அடங்கும்.

மட்டி, ஆளி முதலியன தாம் இருக்குமிடத்தை விட்டு இரை தேடிச் செல்வன அல்ல. நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணிய பொருள்களை வடிகட்டி உண்டு, மீந்த நீரை வெளியே விடுகின்றன. ஒரு மட்டி ஒரே நாளில் பல லிட்டர் நீரை இவ்விதம் வடிக்கும். ஆற்று முகத்தில் சாக்கடை நீர் கலக்குமாயின், அந்நீரிலுள்ள நோய்க் கிருமிகளும் அதன் வயிற்றில் வந்து சேரும். 1988-ம் வருஷத்தில் சீன தேசத்து ஷாங்காய் நகரில், சரியாய் வேகாத மட்டியை உண்டதனால் ஏறக்குறைய 3 லட்சம் பேர் காமாலை நோயுற்றனர். அம்மட்டிகளை வெந்நீரில் சற்றே காட்டி எடுத்து உண்பது அவ்வூர் வழக்கம். ஓடு திறந்த மாத்திரத்தில் இறக்கிவிடாமல் நன்றாய்க் கொதிக்க வைத்திருந்தால் அக்கிருமிகள் அழிந்திருக்கும். தமிழ்நாட்டுக் குழம்பு முறையில் மட்டி பெரும்பாலும் நன்கு வேகுவதால் இந்த ஆபத்துக் குறைவு. எனினும், சாக்கடை கலக்கும் இடத்திலிருந்து எடுக்காதிருப்பதே சிறந்தது.

திருக்கையின் வால்முள்ளும், கெளிற்றின் துடுப்பு முள்ளும், பாறையிடுக்கில் கல்லைப்போற் கிடக்கும் கல்மீனின் முதுகு முள்ளும் தைத்தால் தாங்கொணாத கடுப்பு உண்டாகும். இம்முட்களின் விஷம் வெப்பத்தினால் வலிமை இழக்கும் தன்மையது. ஆகையால் முள் தைத்த காலையோ கையையோ, தாங்கக்கூடிய அளவு சூடுள்ள வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் கடுப்புத் தணியும். வெந்நீர் சுமார் 45 டிகிரி சூட்டுக்கு மேற்படலாகாது. விஷமேறிய கால் மரத்துப்போய்ச் சூடு தெரியாமலிருக்கக்கூடும். ஆகையால் காயம்படாத மற்றக் காலையோ, துணைக்கு நிற்பவர் தம் கையையோ முதலில் நீரில் வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் அதனைப் பிடுங்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இழுது மீன் எனப்படும் சொறி பட்டால், பட்ட இடத்தைத் தேய்க்கலாகாது. ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுத்துவிட்டுக் கடல் நீரினாலேயே அலம்ப வேண்டும். நல்ல தண்ணீரை ஊற்றினால், இழையில் மீந்திருக்கும் விஷப் பைகள் வெடித்து எரிச்சலை மிகுவிக்கக்கூடும்.

கடற்பாம்பின் கடி மேற்கூறியவற்றோடு சேராதது. வலி அதிகமின்றியே விஷமேறுவதால் அதனை அலட்சியம் செய்வோர் உண்டு. சில மணி நேரத்தில் தசைகள் வலித்து விறைத்து, கண் இமை தாழ்ந்து, மூச்சும் தடைப்படும். இந்தியாவில் வழங்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நிலப்பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்யப்படுவது. கடற்பாம்புக் கடிக்கு அதனை நம்பியிருக்க இயலாது. மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைந்து செல்வதொன்றே வழி.

தீயினால் நீங்காத தீமைகள்

இரண்டாம் வகையே மிகவும் கவனிக்கத் தக்கது. தமிழ்நாட்டில் இதனால் நேர்ந்த ஒரு துயர நிகழ்ச்சி ஒவ்வொரு கடலோரக் கிராமத்திலும் அறியப்பட வேண்டுவதாகும். 1981-ம் வருஷத்தில் வயலூர் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மட்டியை உண்டவர்களுள் 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்; மூன்று சிறுவர்கள் உயிரிழந்தனர். இருவருஷம் கழித்து 1983-ல் மங்களூருக்கு அருகிலுள்ள ஒரு கழிமுகத்திலும் இவ்வாறே நேர்ந்து ஒரு சிறுவன் மாண்டான். வயலூரில் தீங்கு செய்தது புதியதொரு ஜந்து அன்று. கழிமுகங்களில் காலங்காலமாக எடுத்து உண்ணப்பட்டு வந்த மட்டியே ஆகும்.

இதன் காரணம் பின்வருமாறு. கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசியினங்கள் மிதந்து வாழ்கின்றன. அவற்றுள் சில இனங்கள் சாக்ஸிடாக்ஸின் என்னும் கொடிய விஷத்தைத் தம்முள் உண்டாக்கிக்கொள்கின்றன. வெப்பமும் சத்தும் அமைதியான நீரும் ஒருங்கே வாய்க்கும்போது இவை மிதமிஞ்சிப் பெருகும். அந்நீரை வடித்து உண்ணும் மட்டியின் சதையில் விஷம் நாளுக்கு நாள் சேர்கிறது. மட்டிக்கு அதனால் ஏதும் நேர்வதில்லை. அது வழக்கம்போல் உயிரோடிருக்கும். நிறமும், மணமும், சுவையும் மாறா. சில வேளைகளில் நீர் செந்நிறமாகவோ பழுப்பாகவோ தோன்றுவதுண்டு. ஆயினும் நீர் தெளிந்திருக்கும்போதும் மட்டியில் விஷம் இருக்கக்கூடும். ஆகவே நீரின் நிறத்தைக் கொண்டு துணிதல் கூடாது.

இவ்விஷம் கொதிநீரில் அழிவதில்லை. புளியும், மஞ்சளும், இஞ்சியும் இதனை முறிப்பதில்லை. ஒரு கிலோ சதையில் ஒரு மில்லிகிராமில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இவ்விஷமிருந்தால் அம்மட்டி உணவுக்கு ஆகாதென்று பல தேசங்களில் விதித்திருக்கின்றனர். அவ்வளவு சிறிய பொருளை வீட்டில் எச்சோதனையாலும் கண்டறிய முடியாது.

உண்டவர்களுக்கு அரைமணி நேரத்திற்குள்ளாகவே உதடும் நாக்கும் சுறுசுறுவென்று மரத்துப்போகும். பின்னர் விரல் நுனிகள் மரக்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். விஷம் மிகுதியாயின் மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்து மரணம் நேரும். இதற்கு முறிவு மருந்து இல்லை. ஆயினும் மூச்சு நிற்குமுன் ஆஸ்பத்திரியிற் சேர்த்துக் கருவியின் உதவியால் சுவாசம் கொடுத்து வந்தால், விஷம் சிறுநீரின் வழியே தானாகக் கழிந்துவிடும்; ஒரு நாள் கடந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வர். ஆகையால் முதற்குறி தோன்றியது முதல் ஆஸ்பத்திரியை அடையும் வரையில் உள்ள நேரமே உயிரை நிர்ணயிப்பதாகும். சிறுவர்களின் உடல் எடை குறைவாதலால், பெரியோர் தாங்கும் அளவு அவர்களைக் கொன்றுவிடும்.

இந்நோய் பிற தேசங்களிலும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1793-ம் வருஷத்தில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளக்கச் சென்ற வான்கூவர் என்னும் கப்பல் தலைவரின் ஆட்களில் சிலர் காலை ஆகாரமாகக் கல்லுக்காயை உண்டு நோயுற்றனர். ஒருவர் அன்றே இறந்தார். 1927-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரை அடுத்த கரையில் 102 பேர் நோயுற்று 6 பேர் இறந்தனர். அதன் பின்னரே விஞ்ஞானிகள் தொடர்ந்து ஆராய்ந்து, விஷம் கல்லுக்காயினுடையதன்று, அது உண்ட நுண்பாசியினுடையது என்று 1937-ல் வெளியிட்டனர். அந்தக் கலிபோர்னியா மாகாணத்தில் வருஷந்தோறும் மே மாதம் முதல் அக்டோபர் இறுதி வரையில், கல்லுக்காயை ஜனங்கள் தாமே எடுத்து உண்பது தடுக்கப்பட்டிருக்கிறது. சோதிக்க வகையுள்ள இடங்களிலும் இத்தனை ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. ஊருக்குள் கூடையில் வரும் மட்டியோ எவ்விதச் சோதனையையும் கடந்து வருவதில்லை என்பதை நினைவில் இருத்த வேண்டும்.

பேத்தை மீன்

தீயினால் அழியாத விஷத்தையுடைய மற்றொன்று பேத்தை மீன். தொட்டால் வயிற்றை ஊதிப் பந்துபோற் பெருக்கிக்கொள்ளும் இம்மீனின் ஈரலிலும் சினையிலும் விஷம் மிகுதி. தோலிலும், சில இனங்களில் சதையிலுங்கூட அது உண்டு. டெட்ரோடாக்ஸின் எனப்படும் இவ்விஷமும் நரம்புகளை மரக்கச் செய்து மூச்சை நிறுத்துவதே. 1774-ல் குக் என்னும் புகழ்பெற்ற கப்பல் தலைவரும் அவருடன் இருந்த இருவரும் பசிபிக் தீவொன்றில் இம்மீனின் ஈரலையும் சினையையும் சிறிதளவே ருசிபார்த்தனர். நள்ளிரவு கடந்ததும் கைகால்கள் மரத்து, எடுத்த பொருளின் கனமும் தெரியாத நிலையை அடைந்தனர், எனினும் பிழைத்தெழுந்தனர். குடலைத் தின்ற பன்றி மறுநாட் காலையில் இறந்து கிடந்தது. ஜப்பானில் இம்மீனை உண்ணும் வழக்கமிருப்பினும், அதனை அறுத்துப் பக்குவம் செய்ய அரசாங்க அநுமதி பெற்ற சமையற்காரர்களுக்கே உரிமையுண்டு. கரைவலையிற் சிக்கும் பேத்தையை மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கலாகாது. தோலுரித்துத் தலை நீக்கி விற்கும் இன்னதென்று தெரியாத மீனையும் வாங்கலாகாது. எருவுக்காகக் காயவைக்கும் மீனில் பேத்தை இருந்தால் கோழி, நாய், பன்றி தின்னாதபடி அதனைப் பிரித்தெடுத்துக் குழியிற் புதைக்க வேண்டும்.

கெட்ட மீனால் வரும் கேடு

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி ஆகிய மீன்களில் இயல்பாக எவ்வித விஷமும் இல்லை. ஆனால் இவை பிடிபட்டபின் பனிக்கட்டியின்றி வெயிலில் கிடக்குமாயின், கிருமிகள் இவற்றின் சதையிலுள்ள ஒரு சத்தை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து எரியும்; தலை வலிக்கும்; உடலில் தடிப்பு எழும்; நெஞ்சு படபடக்கும். சிலருக்கு உண்ணும்போதே மிளகுபோல் நாவில் உறைக்கும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தணிந்துவிடுமாயினும், இருதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்களுக்கு இது ஆபத்தானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது முன்னரே உண்டாக்கிய ஹிஸ்டமின் சாகாது. உப்பிட்டுக் கருவாடாக்கினாலும் அது நீங்காது. ஆகையால் கெடத் தொடங்கிய மீனைக் குழம்புக்கு ஆகாதென்று கருவாட்டுக்குத் தள்ளுவது தவறு. பிடித்த மீனுக்குச் சம எடை பனிக்கட்டி இடுவதே உஷ்ணப் பிரதேசங்களுக்கு ஏற்ற முறை.

கவனிக்க வேண்டுவன

1. மட்டி, ஆளி எடுக்கும் கழிமுகத்தில் நீர் நிறம் மாறினாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ, தண்ணீர் தெளிந்து பல நாள் கழியும் வரையில் அவற்றை எடுக்கலாகாது. மட்டியிலேறிய விஷம் நீங்கச் சில வாரங்கள் ஆகலாம்.

2. மட்டி உண்ட ஒருவருக்கு உதடு மரத்தால், வேறு குறி தோன்றக் காத்திராமல் 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மயக்கமோ நினைவிழப்போ இல்லையென்று அலட்சியம் செய்தல் கூடாது. மூச்சு நிற்குமளவும் அறிவு தெளிவாகவே இருக்கக்கூடும்.

3. அதே மட்டியை வாங்கிய மற்ற வீடுகளுக்கு உடனே செய்தி சொல்ல வேண்டும். இது கிராம அதிகாரிகளின் முதற் கடமையாகும். மட்டிச் சமையல் ஒரே வேளையில் பல வீடுகளில் நடப்பதால், ஒருவர் நோயுற்றபோதே தண்டோராப் போட்டோ, ஒலிபெருக்கி மூலமாகவோ அறிவித்தால், அடுப்பிலிருக்கும் சட்டி இலைக்கு வாராமல் தடுக்கலாம்.

4. சமைத்து மீந்ததையும், சமைக்காத மட்டியில் சிறிதையும் எறிந்துவிடாமல் மூடிவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் ஒப்புவிக்க வேண்டும். இன்ன விஷமென்று அறிவதற்கு அதுவே சான்று.

5. எடுத்த இடம், நாள், உண்டவர்களின் தொகை ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் குறித்து வைத்து, சுகாதாரத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். காரணந் தெரியாத வாந்தி பேதியென்று எழுதி முடித்துவிட்டால், அடுத்த கிராமத்தார் அதே கழிமுகத்தில் மறுநாள் மட்டி எடுப்பர்.

வயலும் கழிமுகமும்

இவ்விஷயத்தில் நிலச்சொந்தக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நுண்பாசிகள் பெருகுவதற்கு இயற்கையான காரணங்கள் பல இருப்பினும், தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆற்று நீரில் மிகுதியாய்க் கலப்பது அவற்றுட் சில இனங்களின் பெருக்கத்திற்குத் துணைசெய்கிறது. வயலுக்கு இட்ட யூரியாவில் பயிர் கொண்டது போக எஞ்சியதில் ஒரு பகுதி வடிகால் வழியே ஆற்றுக்கும், ஆற்றின் வழியே கழிமுகத்திற்கும் சென்று சேர்கிறது. காசு கொடுத்து வாங்கிய எரு நெற்பயிருக்கு ஆகாமல் கடற்பாசிக்கு ஆவது பெருநஷ்டம். அப்பாசி விஷப்பாசியாயின் அந்நஷ்டத்தோடு நில்லாது.

ஆகையால் கடைமடைப் பகுதிகளில் யூரியாவை ஒரே தடவையில் இடாமல் பயிரின் பருவத்திற்கேற்பப் பிரித்து இடுவதும், பெருமழை எதிர்பார்க்கும் நாளில் மேலுரம் இடாதிருப்பதும், மேலுரம் இட்ட சில நாள் வரையில் வயல் நீரை வடிக்காதிருப்பதும், இறால் பண்ணைக் கழிவு நீரை நேரே வாய்க்காலில் விடாமல் குட்டையில் தேக்கித் தெளியவிட்டு வெளியேற்றுவதும் அநுசரிக்கத் தக்கன. இவற்றால் சாகுபடிச் செலவும் குறையும்.

விவசாய வேலை ஓய்ந்த மாதங்களில் கழிமுகத்தில் இறங்கி மட்டி பொறுக்குவோர் பலர் அதே வயல்களில் நாற்று நட்டுக் களை எடுத்தவர்களே. மேல்மடையில் விட்ட நீர் அவர்களுடைய சட்டியில் வந்து சேர்கிறதென்பதைப் பண்ணைக்காரர்களும், மட்டி உண்டவரின் உதடு மரத்த செய்தி வந்த கணமே ஊரை எச்சரிக்க வேண்டுமென்பதைக் கிராம அதிகாரிகளும் உணர்ந்து நடப்பார்களாயின், வயலூரில் நேர்ந்தது மற்றோர் ஊரில் நேராமற் காக்கலாம்.